தோற்றது நானா, சீட்டா? சாலிட்டேர் சால்வர்களின் உண்மையான பயன்

லினக்ஸ் கணினிகளில் கேடிஇ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு கேபேஷன்ஸ் என்ற சாலிட்டேர் (ஒருவரே தனியாக ஆடும் சீட்டாட்டம்) தொகுப்பு தெரிந்திருக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போது அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும். தொடக்கத்தில் அது இந்த ஆட்டத்தை ஜெயிக்கலாம் என்று சொல்லும். நாலைந்து சீட்டை நகர்த்தியிருப்பீர்கள், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அப்போது சத்தமே இல்லாமல் அந்த வரி மாறிவிடும்: இனி ஜெயிக்க முடியாது. சில சமயம் மூன்றாவதாக ஒரு செய்தியும் வரும்: ஜெயிக்க முடியுமா என்று கண்டுபிடிக்க இயலவில்லை.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பதுதான் சால்வர். நீங்கள் ஆடும் அதே ஆட்டத்தை உள்ளுக்குள் பல்லாயிரம் விதமாக ஆடிப் பார்க்கும் மென்பொருள். இணையத்தில் தனியாகவும் கிடைக்கிறது, விளையாட்டுச் செயலிகளுக்குள் ஒளிந்தும் இருக்கிறது. இதனால் ஆடுகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், மாட்டிக்கொண்டால் வழி காட்டும் என்பதுதான் வழக்கமான பதில். என் அனுபவத்தில் அது சால்வரின் மிக மோசமான பயன். உருப்படியான பயன்கள் வேறு இருக்கின்றன. ஆனால் அவை நாம் ஆடுவது எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தவை. நாம் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றாகவும், சால்வர் பதில் சொல்லும் கேள்வி வேறொன்றாகவும் இருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஃப்ரீசெல் என்ற சாலிட்டேர் வகையை எடுத்துக்கொள்வோம். 52 சீட்டும் எட்டு வரிசைகளில் முகம் தெரிய விரிந்திருக்கும். முதல் நாலு வரிசையில் ஏழேழு, மற்ற நாலில் ஆறாறு. மேலே ஒரு பக்கம் நாலு காலி அறைகள், அறைக்கு ஒரு சீட்டு. மறுபக்கம் ஏஸ் முதல் ராஜா வரை இனவாரியாக ஏற்ற வேண்டிய நாலு அடுக்குகள். வரிசைக்குள் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி, இறங்குமுகமாக அடுக்கிக்கொள்ளலாம். மறைந்த சீட்டு என்று எதுவுமே கிடையாது. போட்ட பிறகு அதிர்ஷ்டத்துக்கும் வேலை இல்லை.

சால்வர் செய்வது பிடிவாதமான வேலை, அவ்வளவுதான். இந்த நிலையில் எந்தெந்தச் சீட்டை எங்கெங்கே நகர்த்தலாம் என்று பட்டியல் போடும். ஒன்றை ஆடும். புது நிலையிலிருந்து மறுபடி பட்டியல். முட்டுச்சந்தில் போய் நின்றால் திரும்பி வந்து அடுத்ததை எடுக்கும். ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவில் வைத்திருக்கும், இல்லாவிட்டால் ஒரே சந்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சீட்டைக் கலைத்துப் போடும் விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது என்று சொல்லி இதைப் பெரிய மாயமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கும் சால்வரின் வேலைக்கும் அதிகம் தொடர்பில்லை. நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு போட்ட ஆட்டம். அதிலிருந்து போய்ச் சேரக்கூடிய நிலைகளை மட்டும் பார்த்தால் போதும். அவையும் ஏராளம்தான், ஆனால் குறைக்க வழி இருக்கிறது. உதாரணமாக, நாலு அறைகளில் எந்தச் சீட்டு எந்த அறையில் இருக்கிறது என்பதில் வித்தியாசம் எதுவும் இல்லை. எட்டு வரிசைகளில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதும் அப்படியே. நாலு அறைகளை 24 விதமாகவும் எட்டு வரிசைகளை 40,320 விதமாகவும் மாற்றி வைக்கலாம். இரண்டையும் பெருக்கினால் 9,67,680. கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும் அத்தனை நிலைகளையும் நல்ல சால்வர் ஒன்றாகவே எண்ணும்.

இன்னொரு வித்தை, கையால் ஆடுகிறவர்களுக்கும் உதவும். சிவப்பு 6 ஒன்றை மேலே ஏற்ற வாய்ப்பு வருகிறது. ஏற்றலாமா, கீழே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா? கறுப்பு 5 இரண்டும் ஏற்கெனவே மேலே போய்விட்டன என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த 6-ன் மேல் வந்து உட்காரக்கூடிய சீட்டுகள் அவை இரண்டும்தான். அவை போன பிறகு 6 கீழே இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இப்படி எதை யோசிக்காமல் செய்யலாம் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சால்வரின் வேகம் கூடுகிறது. பல ஃப்ரீசெல் ஆட்டங்களில் இன்றைய சால்வர்கள் கண் இமைக்கும் நேரத்தில் விடை சொல்வது இதனால்தான்.

விடை மூன்று வகை: முடியும், முடியாது, தெரியவில்லை. மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. "முடியும்" என்றால் கூடவே நகர்த்தல்களின் பட்டியலும் வரும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துவிடலாம், நிரலை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. "முடியாது" என்பதற்கு அப்படிப்பட்ட சாட்சி இல்லை. எல்லா வழியையும் பார்த்துவிட்டேன், ஒன்றும் தேறவில்லை என்று அது சொல்வதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். "தெரியவில்லை" என்பது கொடுத்த நேரமோ நினைவகமோ தீர்ந்துவிட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. இந்த மூன்றாவதை "முடியாது" என்று படித்துக்கொள்பவர்கள் அதிகம். சில செயலிகளே அப்படித்தான் காட்டுகின்றன. அது சுத்தத் தப்பு.

11982

சால்வர்கள் உண்மையிலேயே ஒரு கேள்வியைத் தீர்த்து வைத்த கதை ஃப்ரீசெல்லுடையது.

பால் ஆல்ஃபில் 1978-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் ஃப்ரீசெல்லை எழுதினார். பின்னர் ஜிம் ஹார்ன் எழுதிய மைக்ரோசாஃப்ட் பதிப்பு வின்டோஸ் 95 வழியாக உலகம் முழுக்கப் போனது. அதில் இருந்த ஒரு சின்ன வசதி பெரிய விளைவை உண்டாக்கியது. 1 முதல் 32,000 வரை ஆட்டங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். 617 என்று தட்டினால் யாருடைய கணினியிலும் அதே சீட்டுகள் அதே இடத்தில். சாலிட்டேர் அதுவரை தனி மனிதரின் பொழுதுபோக்கு. எண் வந்ததும் அது பலரும் சேர்ந்து பேசக்கூடிய விஷயமாகிவிட்டது. எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கலாம் என்றுதான் நம்பப்படுகிறது, ஆனால் நிரூபணம் இல்லை என்று உதவிக் குறிப்பில் வேறு எழுதி வைத்திருந்தார்கள். அது போதாதா?

1994-ல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆள் சேர்த்தார். ஆட்டங்களை நூறு நூறாகப் பிரித்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையால் ஆடினார்கள். ஒருவருக்குப் பிடிபடாத ஆட்டம் அடுத்தவருக்குப் போனது, அவருக்கும் முடியாவிட்டால் இன்னும் கெட்டிக்காரருக்கு. 1995-ல் 32,000-த்தில் ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது: 11982. அத்தனை பேரும் மோதிப் பார்த்துத் தோற்றார்கள்.

இவ்வளவு பேர் தோற்றதால் மட்டும் அது முடியாத ஆட்டம் ஆகிவிடுமா? ஆகாது. அடுத்த முயற்சியில் யாராவது ஜெயித்துவிடலாம். அங்கேதான் சால்வர் தேவைப்பட்டது. வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக எழுதிய நிரல்கள் 11982-ன் எல்லா வழிகளையும் துருவிவிட்டு ஒரே பதிலைச் சொன்னதும் பேச்சு முடிந்தது. தோற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதே காலத்தில் டான் உட்ஸ் தன் சால்வரைப் பத்து லட்சம் ஆட்டங்களில் ஓடவிட்டார். கணினி விளையாட்டு வரலாற்றில் குகைச் சாகச விளையாட்டை விரிவாக்கியவராக அறியப்படும் அதே உட்ஸ்தான். அவர் கலைத்துப் போட்ட பத்து லட்சத்தில் 14 தேறவில்லை. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் தன் ஆட்ட எண்களைப் பத்து லட்சம் வரை நீட்டியபோது, அதில் 11982-ஐயும் சேர்த்து எட்டு முடியாத ஆட்டங்கள் இருப்பது தெரியவந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த ஷ்லோமி ஃபிஷ் 2000-ல் தொடங்கிய திறமூல ஃப்ரீசெல் சால்வர் இந்த வேலையை இன்னும் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. மைக்ரோசாஃப்ட் எண்முறையில் 858 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்களைச் சோதித்து, 1,02,075 ஆட்டங்கள் முடியாதவை என்று பட்டியல் எடுத்தார்கள். ஏறத்தாழ 84,000 ஆட்டத்துக்கு ஒன்று.

இதற்கு ஆடுகிறவருக்கு நேரான பயன் உண்டு. நாளைக்குப் பத்து ஆட்டம் ஆடினாலும், சராசரியாக 23 வருடத்துக்கு ஒருமுறைதான் அப்படி ஒன்று உங்கள் கையில் வரும். ஆகவே ஃப்ரீசெல்லில் தோற்றால், கிட்டத்தட்ட எப்போதுமே தோற்றது நீங்கள்தான். இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தடவையும் சால்வரைத் தட்ட வேண்டியதில்லை.

"முடியாது" என்றால் யார் பொறுப்பு

முடியாது என்ற விடையை நம்பித்தான் ஆக வேண்டும் என்றேன். எவ்வளவு நம்பலாம்?

சால்வர் தப்பு செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று, நிரலில் பிழை. வேகத்துக்காக வெட்டிவிடும் கிளைகளில் ஒன்றை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் அந்த வழியில் இருந்த வெற்றி கண்ணில் படாமலே போய்விடும். நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் வேகமாக ஓடி முடியும், விடை மட்டும் தப்பு. இரண்டாவது இன்னும் நுணுக்கமானது: விதி. மேலே அடுக்கில் ஏற்றிய சீட்டைத் திரும்பக் கீழே இறக்கலாமா? சில செயலிகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. சால்வர் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது? இறக்க முடியாது என்று வைத்துக்கொண்டு "முடியாது" என்று சொல்லியிருந்தால், இறக்க அனுமதிக்கும் செயலியில் ஆடும் உங்களுக்கு அந்த விடை பொருந்தாது. வரிசையில் போடாமல் மிச்சம் வைக்கும் கையிருப்புக் கட்டு உள்ள ஆட்டங்களில் அதை எத்தனை தடவை திருப்பலாம், ஒவ்வொன்றாக எடுப்பதா மூன்று மூன்றாக எடுப்பதா, காலி வரிசையில் ராஜாவை மட்டும்தான் வைக்கலாமா... சாலிட்டேரில் இப்படிச் சில்லறை விதிகள் நிறைய. ஒவ்வொன்றும் விடையைப் புரட்டிப் போடும்.

அதனால் ஒரு சால்வரை மதிப்பிட வேண்டும் என்றால் நான் அதன் வேகத்தை முதலில் பார்ப்பதில்லை. விதிகளை வெளிப்படையாகச் சொல்கிறதா, நான் ஆடும் விதிக்கு மாற்ற விடுகிறதா, "முடியாது", "தெரியவில்லை" இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு, விடை தெரிந்த முடியாத ஆட்டங்களைக் கொடுத்துப் பார்ப்பேன். 11982-ஐக் கொடுத்தால் தீர்வு வந்துவிட்டது என்றால் ஏதோ விதி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கூடுதல் அறை எங்கேயோ ஒளிந்திருக்கும்.

தீர்வைப் படித்தால் என்ன புரியும்

சரி, சால்வர் தீர்வு தந்துவிட்டது. ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகும் வகைத் தேடலாக இருந்தால் நூற்றுக்கும் மேல் நகர்த்தல்கள் வரும். அதைப் பின்பற்றி ஆடிப் பாருங்கள். ஸ்பேடு 9-ஐ அறையில் வைக்கச் சொல்லும். ஆறு நகர்த்தல் கழித்து அதை வெளியே எடுக்கச் சொல்லும். இன்னும் நாலு கழித்து மறுபடி உள்ளே. ஏன்? காரணம் கிடையாது. தேடிப் போன வழியில் அது நடந்தது, வெற்றியில் முடிந்ததால் அப்படியே பட்டியலில் நின்றுவிட்டது. ஊருக்கு வழி கேட்டால், தான் தொலைந்துபோய்ச் சுற்றிய தெருக்களையும் சேர்த்துச் சொல்லும் ஆளைப் போல.

மனிதர் ஆடுவது வேறு மாதிரி. இந்த வரிசையில் இரண்டு ஏஸ் புதைந்திருக்கிறது, இதைத்தான் முதலில் கிளற வேண்டும், அதற்கு இரண்டு அறை தேவை, அதற்குள் அந்த ராணியை எங்கேயாவது ஒதுக்க வேண்டும் என்று திட்டமாக யோசிக்கிறோம். சால்வரின் பட்டியலில் திட்டம் என்ற ஒன்றே இல்லை. குறுகிய தீர்வைத் தேடும்படி சிலவற்றைக் கேட்கலாம். நேரம் கூடும், பட்டியல் சுருங்கும், வீண் சுற்றல் போகும். அப்போதும் "ஏன்" என்பது வராது. கற்றுக்கொள்ள நினைத்து முழுத் தீர்வைப் பார்ப்பது, விடைத்தாளின் கடைசி வரியை மட்டும் பார்ப்பது போலத்தான்.

ஆனால் இதே சால்வரை வேறு விதமாகக் கேட்டால் மிக நல்ல ஆசான் ஆகிவிடுகிறது. எனக்கு இது தற்செயலாகத்தான் பிடிபட்டது.

ஒருநாள் ராத்திரி ஃப்ரீசெல் ஒன்றில் 62-வது நகர்த்தலில் அசைய முடியாமல் நின்றேன். நாலு அறையும் நிரம்பிவிட்டது, காலி வரிசை இல்லை. தீர்வைக் கேட்கப் பிடிக்கவில்லை. எங்கே கோட்டை விட்டேன் என்று மட்டும் தெரிய வேண்டும். ஆட்டத்தைப் பாதிக்குப் பின்னால் நகர்த்தி, 31-வது நகர்த்தலுக்குப் பின் இருந்த நிலையைச் சால்வரிடம் கொடுத்தேன். முடியும் என்றது. 46-ஐக் கொடுத்தேன். முடியாது. 38: முடியும். 42: முடியாது. 40: முடியும். 41: முடியாது. ஆறே கேள்வி. 62 நகர்த்தலில் குற்றவாளி 41-வது என்று தெரிந்துவிட்டது.

இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு வருவது செல்லுபடியாவதற்குக் காரணம் உண்டு. ஜெயிக்க முடியாத நிலைக்கு ஒருமுறை போய்விட்டால், அங்கிருந்து என்ன ஆடினாலும் ஜெயிக்கும் நிலைக்குத் திரும்ப முடியாது. திரும்ப முடிந்தால் அது முடியாத நிலையே அல்லவே. ஆகவே ஆட்டத்தில் "முடியும்" எல்லாம் ஒரு பக்கம், "முடியாது" எல்லாம் மறுபக்கம். நடுவில் ஒரே ஒரு கோடு.

அப்படி என்ன செய்துவிட்டேன் 41-ல்? காலியான ஒரே வரிசையில் கிளாவர் ராஜாவைத் தூக்கி வைத்திருந்தேன். ஆடுகிற யாரும் செய்வதுதான், ராஜாவுக்கு அதை விட்டால் வேறு இடமில்லை. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு அறை காலியாக இருந்தது. இரண்டு அறையும் ஒரு காலி வரிசையும் இருந்தால் ஒழுங்காக அடுக்கிய ஆறு சீட்டுகளை மொத்தமாக இன்னொரு வரிசைக்கு மாற்றலாம். ராஜா உட்கார்ந்ததும் அது மூன்றாகிவிட்டது. பக்கத்து வரிசையில் 9, 8, 7, 6, 5 என்று ஐந்து சீட்டு கோர்வையாக நின்றது. அதை ஒரு சிவப்பு 10-ன் மேல் மாற்றினால் அடியில் ஹார்ட்டின் 2. முன்பு ஒரே மூச்சில் நகர்ந்திருக்க வேண்டிய கோர்வை, ராஜா வந்த பிறகு அசையவில்லை. அதற்கப்புறம் நான் ஆடிய 21 நகர்த்தலும் செத்த பாம்பை அடித்ததுதான்.

"காலி வரிசை ராஜாவுக்கு" என்பது எனக்குள் விதியாகவே ஊறிப் போயிருந்தது. எந்த இடத்தில் அது பொய் என்று தெரிந்ததும் வேறு ஆட்டங்களிலும் கண் அதைத் தேட ஆரம்பித்துவிட்டது. முழுத் தீர்வைப் படித்திருந்தால் இது கிடைத்திருக்காது. அது ராஜாவை அங்கே வைக்காமல் வேறெதையோ செய்திருக்கும், நானும் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பேன்.

மறைந்த சீட்டும் எட்டிப் பார்க்கும் சால்வரும்

இதுவரை சொன்னதெல்லாம் எல்லாச் சீட்டும் திறந்திருக்கும் ஆட்டத்துக்கு. பெரும்பாலோர் சாலிட்டேர் என்றாலே நினைப்பது க்ளாண்டைக்கை. 1990-ல் வின்டோஸ் 3.0-உடன் வந்தது அதுதான். ஏழு வரிசைகளில் 28 சீட்டு. அதில் 21 கவிழ்ந்திருக்கும். மீதி 24 கையிருப்பில். இங்கே சால்வரின் விடைக்கு அர்த்தமே வேறு.

க்ளாண்டைக் ஆட்டங்களில் எத்தனை சதவீதம் ஜெயிக்கக்கூடியவை என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி பிளேக், இயன் ஜென்ட் இருவரும் சால்விட்டேர் என்ற சால்வரால் விடை கண்டார்கள். மூன்று மூன்றாக எடுக்கும் முறையில், கட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பலாம் என்றால், சுமார் 82 சதவீதம். இதைப் படித்துவிட்டு, "நான் ஐந்துக்கு ஒன்று கூட ஜெயிப்பதில்லையே, அவ்வளவு மட்டமா ஆடுகிறேன்" என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நொந்துகொள்ள வேண்டாம். அந்த 82, கவிழ்ந்த சீட்டெல்லாம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்த ஒருவருக்கானது. சால்வர் எல்லாச் சீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆடுகிறது.

கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே இருக்க, நேர்மையாக ஆடினால் அதிகபட்சம் எவ்வளவு ஜெயிக்கலாம் என்பது இன்னும் திறந்த கேள்வி. பியார்னசன், ஃபெர்ன், தடேபள்ளி மூவரும் 2009-ல் எழுதிய நிரல் 35 சதவீதத்துக்கும் மேல் ஜெயித்தது. ஆகவே உண்மை அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது, ஆனால் 82-ஐத் தாண்ட வழியில்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது ஆடுகிறவரின் மடத்தனம் என்று நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு வெறும் மறைப்பாகக்கூட இருக்கலாம்.

எட்டிப் பார்க்கும் சால்வர் தரும் யோசனை எப்படிக் கெடுக்கும் என்று ஒரு காட்சி. ஒரு வரிசையின் நுனியில் டைமண்ட் 8 இருக்கிறது. அதன் மேல் வைக்க இரண்டு கறுப்பு 7 கிடைக்கின்றன. ஸ்பேடு 7-க்கு அடியில் ஐந்து சீட்டு கவிழ்ந்திருக்கிறது. கிளாவர் 7-க்கு அடியில் இரண்டு. எதை நகர்த்துவீர்கள்? அதிகம் மறைந்திருக்கும் வரிசையைத் திற என்பதுதான் அனுபவசாலிகளின் சொல். ஸ்பேடு 7-ஐத்தான் எடுப்பீர்கள், சரியும்கூட. சால்வரைக் கேட்டால் கிளாவர் 7 என்கிறது. ஏன் என்றால், அதற்கு அடியில் ஹார்ட்டின் ஏஸ் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. சால்வரின் யோசனையிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்றும் இல்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. நாலு தடவை இப்படிப் பார்த்தால் சரியான பழக்கமே தப்பு என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

முதலில் சொன்ன அந்த அடிவரியும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. க்ளாண்டைக்கில் ஸ்பேடு 7-ஐ நகர்த்துகிறீர்கள், வரி "இனி முடியாது" என்று மாறுகிறது. திரும்ப எடுத்துக்கொண்டு கிளாவர் 7-ஐ நகர்த்துகிறீர்கள், வரி பழையபடி நிற்கிறது. கவிழ்ந்த சீட்டைத் தொடாமலேயே அதைப் பற்றி ஒரு சேதி உங்கள் கைக்கு வந்துவிட்டது. நாகரிகமான எட்டிப் பார்த்தல்.

நேர்மையான யோசனை சொல்லும் நிரலை எழுத முடியாதா? முடியும். அது கவிழ்ந்த சீட்டுகளைத் தனக்கும் தெரியாததாக வைத்துக்கொள்ள வேண்டும். அவை எப்படி எப்படி இருக்கலாம் என்று பலமுறை கலைத்துக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு கற்பனையிலும் ஆடிப் பார்த்து, பெரும்பாலானவற்றில் எது கைகொடுக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 35 சதவீத நிரல் போன வழி இதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை பிறந்ததே சாலிட்டேரிலிருந்துதான். 1946-ல் ஸ்டனிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் நோயிலிருந்து தேறி வந்த நாட்களில் கேன்ஃபீல்ட் சாலிட்டேர் ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. நூறு தடவை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. மாண்டே கார்லோ முறை என்று அணு ஆராய்ச்சியிலிருந்து நிதிச் சந்தை வரை பரவியது அந்த எண்ணம்தான்.

எல்லாச் சீட்டும் தெரிந்தால் மட்டும் மனிதர் ஜெயித்துவிடுவாரா என்றால் அதுவும் இல்லை. 2004-ல் பெர்சி டயகோனிஸ் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வில் ஒரு மூத்த அமெரிக்கக் கணிதவியலாளரின் கணக்கு வருகிறது. எல்லாச் சீட்டும் தெரிந்த வகைக் க்ளாண்டைக்கை அவர் 2,000 முறை, ஆட்டத்துக்குச் சராசரி 20 நிமிடம் எடுத்து ஆடிக் குறித்து வைத்திருந்தார். ஜெயித்தது 36.6 சதவீதம். ஆய்வாளர்களின் நிரல் 70 சதவீதம் ஜெயித்தது. 2,000 ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 670 மணி நேரம். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டு கட்டுச் சீட்டில் ஆடும் ஸ்பைடரில் நிலைமை இன்னும் கடினம். தேட வேண்டிய பரப்பு பெரிது, "தெரியவில்லை" என்ற விடை அடிக்கடி வரும். அங்கே சால்வர் ஜெயித்துக் காட்டினால் எடுத்துக்கொள்ளலாம், மற்றபடி அதன் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஆட்டத்தை உருவாக்குகிறவர்களுக்கு

சால்வரால் அதிக லாபம் அடைவது உண்மையில் ஆடுகிறவர்கள் அல்ல, ஆட்டத்தை வடிவமைப்பவர்கள். ஃப்ரீசெல்லில் ஏன் நாலு அறை? மூன்று வைத்தால் என்ன? ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சால்வரில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று அறை இருந்தாலும் 99 சதவீதத்துக்கு மேல் தேறும். இரண்டாக்கினால் ஏறத்தாழ 80. ஒன்றே ஒன்று என்றால் 20-க்குப் பக்கத்தில். இந்த எண்களைப் பார்த்த பிறகு, நாலு அறையில் அலுத்துப்போனவருக்கு மூன்று அறை ஆட்டம் நல்ல சவால் என்று தைரியமாகச் சொல்லலாம். தோற்றால் இன்னமும் தப்பு அவருடையதுதான். ஒரு அறை ஆட்டத்தில் அந்தத் திருப்தி கிடையாது. ஐந்தில் நாலு ஆட்டம் பிறக்கும்போதே செத்தவை.

கைபேசிச் செயலிகளில் "ஜெயிக்கக்கூடிய ஆட்டம் மட்டும்" என்று ஒரு பொத்தான் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீசெல்லில் அதற்குப் பெரிய பொருள் இல்லை, 84,000-த்தில் ஒன்றைத்தான் அது தடுக்கிறது. க்ளாண்டைக்கில் அது ஐந்தில் கிட்டத்தட்ட ஒரு ஆட்டத்தைத் தூக்கி எறிகிறது. ஆனால் மிச்சமிருப்பதும் "எல்லாம் தெரிந்தவருக்கு" ஜெயிக்கக்கூடியதுதான். "ஜெயிக்கக்கூடியது என்று போட்டிருக்கிறதே, அப்படியும் தோற்றேனே" என்று அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு வருத்தப்படுவதில் நியாயம் இல்லை. அப்புறம் "குறிப்பு" பொத்தான். பல செயலிகளில் அது சால்வரே கிடையாது. இப்போது செல்லுபடியாகும் ஏதோ ஒரு நகர்த்தலைக் காட்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டு ஆடித் தோற்றுவிட்டுச் சால்வர்கள் எல்லாம் மோசம் என்று முடிவுகட்டுவது, பாவம், சால்வருக்கு இழைக்கும் அநியாயம்.

நான் இப்போது ஆடும்போது அடிவரியை அணைத்து வைத்துவிடுகிறேன். க்ளாண்டைக்கில் அதைத் திறப்பதே இல்லை. ஃப்ரீசெல்லில் தோற்ற பிறகு மட்டும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு வந்து கோடு எங்கே விழுந்தது என்று பார்க்கிறேன். அந்த ராஜா ஆட்டத்தையும் 40-வது நகர்த்தலுக்குத் திரும்பிப் போய், காலி வரிசையைத் தொடாமல், ஐந்து சீட்டுக் கோர்வையை மாற்றி, ஹார்ட்டின் 2-ஐ வெளியே எடுத்து ஆடினேன். 58-ல் மறுபடி மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை குற்றவாளி 52-வது.